முதலில் எண்ணியவர் யார்?

கண்டியிலிருந்து புறப்பட்டு ஏறத்தாழ 320 கிலோமீற்றர் வடக்கு நோக்கி ஓடி யாழ்ப்பாணத்தில் முடியும் ஏ9 வீதியும், மன்னாரிலிருந்து மேற்குக் கரையோரமாகப் பூநகரிக்கு வந்து, 2011ஆம் ஆண்டு சனவரியில் திறந்துவைக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தின் மீதேறிக் கடல்நீரேரியைக் கடந்து வருகின்ற ஏ32 வீதியும் நாவற்குழியில் ஒன்றோடொன்று கூடுகின்றன. தென்னிலங்கையிலிருந்து ஊர்காவற்றுறைக்கோ நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ செல்ல விரும்புவோர் இவ்விரு வீதிகளில் எதனைப் பிடித்து வந்தாலும் பெரும்பாலும் அந்தச் சந்தியைத் தாண்டியே தீவுப்பகுதிக்குச் செல்லும் பண்ணைப் பாலத்துக்குப் போகவேண்டும். வீதிப் பலகைகளில் எழுதப்பெறும் அவ்விரு இலக்கங்களையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பவனுக்கு அங்கே ஒரு சிறிய அதிசயம் காத்திருக்கிறது. 32 என்பதிலுள்ள இரண்டைச் சற்றே உயர்த்தி, அளவிற் குறைத்து, மூன்றின் வலத்தோளில் இருத்தினால் அது மூன்றின் வர்க்கம் என்று வாசிக்கப்படும். மூன்றின் வர்க்கமோ ஒன்பது. ஒன்பதோ மற்ற வீதியின் இலக்கம். ஒரு வீதி இன்னொன்றிற் சென்று சேர்கின்ற இடத்திலே அவற்றின் இலக்கங்களும் ஒரு சமன்பாடாகச் சேர்ந்து நிற்கின்றன.

வீதிகளுக்கு இலக்கமிட்ட உத்தியோகத்தர் இதனை மனத்திற் கொண்டிருப்பார் என்று நான் நம்பவில்லை. ஆயினும் இத்தகைய பொருத்தம் ஒன்றைக் கண்டுவிட்ட மனிதன் அதனை எவ்வாறு ஏற்றுக்கொள்வது என்பது அற்பமான வினாவன்று. தற்செயல் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டு அப்பாற் செல்வார் சிலர். இறைவன் தமக்கென்றே எழுதிவைத்த குறிப்பு என்று கொண்டு அதன் பலனை ஆராயத் தொடங்குவார் சிலர். இவ்விரு திறத்தாரும் ஒரே தவற்றையே செய்கின்றனர் என்பது என் எண்ணம். அந்தப் பொருத்தத்திலே எது மனிதனால் இடப்பட்டது, எது ஒருவராலும் இடப்படாதது என்று பிரித்துப் பார்க்கும் பொறுமை இருவருக்கும் இல்லை. அப்படிப் பிரித்துப் பார்க்க முற்பட்டால், வீதியோரத்து விளையாட்டு ஒன்று நம் முன்னோரான தருக்கநூலார் பலகாலம் வாதித்த கடவுட் கொள்கையின் வாயிலிலே நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது.

முதலில், மனிதனால் இடப்பட்டது எது என்பதைப் பார்ப்போம். நம் பாட்டனார் காலத்து ஏடுகளிலும் உறுதிகளிலும் வழங்கிய தமிழ் இலக்கங்களில் முப்பத்திரண்டை ௩௰௨ என்று, மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே பத்தைக் குறிக்கும் எழுத்தையும் வைத்தே எழுதினார்கள். வீதிப் பலகைகளில் அந்த எழுத்துமுறை நிலைத்திருந்தால் நாவற்குழி விளையாட்டை ஒருவரும் கண்டிருக்கமாட்டார். மூன்றின் தோளில் இரண்டு ஏறி உட்கார நடுவிலிருக்கும் பத்து இடங்கொடாது. அடுக்கினை மேலே சிறிதாக எழுதும் வழக்கமும் இயற்கையன்று. 1637இல் வெளிவந்த டேக்கார்ட்டு என்னும் பிரெஞ்சுத் தத்துவஞானியின் வடிவகணித நூலினால் உலகெங்கும் பரவிய சங்கேதம் அது. எனவே 32 என்ற தோற்றத்தை மூன்றின் வர்க்கமாகக் காண்பது எழுத்தின் உபகாரம். அவ்வீதிக்கு 32 என்ற இலக்கம் வாய்த்தது காரியாலயத்தின் உபகாரம். இவை யாவும் நாமரூப வியவகாரத்தைச் சேர்ந்தவை, வேறுவிதமாகவும் இருந்திருக்கக்கூடியவை.

நாமம் எவ்வளவு நிலையற்றது என்பதற்குத் தீவுப்பகுதியைக் காட்டிலும் நல்ல சான்று வேண்டியதில்லை. ஒல்லாந்தர் இத்தீவுகளைக் கைப்பற்றியபோது தம் தாய்நாட்டு நகரங்களின் பெயர்களையே இவற்றுக்குச் சூட்டினர். ஊர்காவற்றுறை உள்ள தீவு லைடன் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு ரொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம் என்று அழைக்கப்பட்டன. அவற்றுள் நெடுந்தீவுக்கு இட்ட டெல்ஃப்ட் என்னும் பெயர் மட்டும் ஆங்கில வழக்கில் இன்றுவரை நிற்க, ஏனையவை ஒல்லாந்தரின் தேசப்படங்களோடு மறைந்துபோயின. அரசு மாறினால் பெயர் மாறும், இலக்கம் மாறும். ஆனால் எந்த அரசும் தன் ஆணையினால் மூன்றின் வர்க்கத்தைப் பத்தாக்க முடியாது. மும்மூன்றாக மூன்று வரிசையில் வைத்த சிப்பிகள், ஒல்லாந்தர் வருமுன்னும் ஒன்பது. அவர் போனபின்னும் ஒன்பது. ௯ என்று எழுதினாலும் 9 என்று எழுதினாலும் ஒன்பதே.

இனி, அந்த ஒன்பது எங்கே இருக்கிறது? சிப்பியிலா, எண்ணுபவன் மனத்திலா? இவ்வினாவைக் கேட்பதற்கு நயினாதீவைப் போலத் தகுதியான இடம் மிகச் சிலவே. நாகபூஷணி அம்மன் ஆலயமும் நாகதீப விகாரையும் ஒரே கரையிலே சிறிது தூரத்துக்குள் நிற்கின்ற அத்தீவினை மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவம் என்று கொள்வோர் பலர். அக்காப்பியத்தின் நாயகி பின்னொரு காலத்திலே வஞ்சி மாநகரத்தில் பற்பல சமயவாதிகளையும் அணுகி அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அப்படிக் கேட்கப்பட்டோரில் வைசேடிகவாதியும் ஒருவர். எண்ணைப் பற்றி ஒரு திட்டமான சித்தாந்தத்தைச் சொல்லிச் சென்றவர்கள் அந்த வைசேடிக மரபினரே.

அவர்கள் கூற்றின்படி எண் என்பது ஒரு குணம். நிறமும் சுவையும் போலத் திரவியத்தைப் பற்றி நிற்பது. ஆனால் ஒன்று என்னும் எண்ணுக்கும் இரண்டு முதலாகிய எண்களுக்கும் பெருத்த வேற்றுமை உண்டு. குறிகட்டுவான் இறங்குதுறையிலே நெடுந்தீவுக்குப் போவதொன்றும் நயினாதீவுக்குப் போவதொன்றுமாக இரு படகுகள் கயிற்றில் அசைந்துகொண்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படகிலும் ஒருமை இயல்பாகவே உள்ளது. இருமை எந்தப் படகில் உள்ளது? முதற் படகில் இல்லை; இரண்டாவதிலும் இல்லை. துறையில் நிற்பவன் ஒருவன் ‘இஃதொன்று, இஃதொன்று’ என்று இரண்டையும் ஒரே பார்வையில் கூட்டி அறியும்போதே அவ்விரண்டிலும் இருமை என்ற குணம் பிறக்கிறது. அக்கூட்டறிவுக்கு அபேக்ஷாபுத்தி என்று பெயர். அவ்வறிவு நீங்கினால் அது பிறப்பித்த இருமையும் நீங்கும் என்பது பிரசஸ்தபாதர் முதலியோர் விரித்துரைத்த கொள்கை.

இதனை முதன்முறை கேட்பவனுக்கு விசித்திரமாகத் தோன்றும். பழகப் பழக இதன் நுட்பம் விளங்கும். நாவற்குழியில் 9ஐயும் 32ஐயும் இணைத்தவன் யார்? ஏ9இல் மட்டும் செல்பவனுக்கு அப்பொருத்தம் இல்லை; ஏ32இல் மட்டும் செல்பவனுக்கும் இல்லை. இரண்டையும் ஒரே புத்தியில் ஏந்துபவனுக்கே உண்டு. அந்த அளவில் விளையாட்டு முழுவதும் காண்பவனுடையதே. எனினும் படகுகள் இரண்டும் வெவ்வேறு திசையிற் பிரிந்து, துறையில் நின்றவனும் வீட்டுக்குப் போய்விட்ட பின்பு, அங்கே இருமை இல்லை என்பதை ஒப்புக்கொண்டாலும், இரண்டும் இரண்டும் நான்கு என்ற நியதியும் அவனோடு வீட்டுக்குப் போய்விட்டது என்று சொல்ல நா எழவில்லை. கூட்டிப் பார்க்கும் செயல் நம்முடையது. கூட்டினால் வருவது நம்முடையதன்று.

இங்கேதான் உதயணாசாரியர் வருகிறார். பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த இந்த நையாயிகர் ஈசுவரன் உண்டென்பதை நிறுவுவதற்கு எழுதிய நியாயகுசுமாஞ்சலியில், பல ஏதுக்களை அடுக்கிவரும்போது எண்ணையும் ஓர் ஏதுவாகச் சொல்கிறார். உலகின் தொடக்கத்தில் இரண்டு பரமாணுக்கள் கூடித் துவியணுகம் என்னும் முதற் கூட்டுப்பொருள் உண்டாகிறது. அதன் பரிமாணத்துக்குக் காரணம் அணுக்களின் பரிமாணமன்று, அவற்றின் எண்ணிக்கையே என்பது அவர் மரபின் முடிபு. எண்ணிக்கையோ அபேக்ஷாபுத்தியின்றிப் பிறவாது. பரமாணுவைக் கண்ட மனிதனில்லை. அத்தொடக்கத்தில் மனிதனே இல்லை. அவ்வாறாயின் அந்த இரண்டினை எண்ணியது யாருடைய புத்தி? என்றும் அழியாத, எதனையும் நேரே காணுகின்ற ஒரு புத்தியே அதுவாதல் வேண்டும் என்று முடிக்கிறார். கடவுளுக்குச் சான்று தேடியவர்கள் உலகெங்கும் வானத்து நட்சத்திரங்களையும் உயிர்களின் அமைப்பையும் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். இரண்டு என்னும் எண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு இதனை முதலில் எண்ணியவர் யார் என்று கேட்ட துணிவு எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றுகிறது.

சைவசித்தாந்தி இந்த வாதத்தை இதே உருவில் ஏற்பதில்லை. அவனுக்கு உலகின் முதற்காரணம் மாயை, பரமாணுவன்று. ஆனால் பரமாணுவை விலக்கிய பின்பும் உதயணர் எழுப்பிய வினா நிற்கிறது. பதி, பசு, பாசம் என்று முப்பொருள் அநாதி எனக் கொள்ளும் போதே மூன்று என்ற எண்ணும் அங்கே உடன்வந்து நிற்கிறதல்லவா? நித்தியமான உண்மைகளையும் இறைவனே தன் சித்தத்தால் ஆக்கினான், அவன் நினைத்திருந்தால் அவை வேறாகவும் இருந்திருக்கும் என்று மேற்கூறிய டேக்கார்ட்டு கருதினார். நம் மரபுக்கு அவ்வாறு சொல்லவேண்டிய நெருக்கடி இல்லை. இறைவன் உயிரையே படைத்தானல்லன் என்று சொல்லத் துணிந்த தரிசனம், மூன்றின் வர்க்கத்தை ஒன்பதாக்கியவன் அவன் என்று சொல்லவேண்டுவதில்லை. அவன் அதனை அறிகிறான் என்பதே போதும். நாம் அதனை அறியும்போது அவனுடைய அறிவோடு ஒரு சிறிய இடத்திலே ஒத்து நிற்கிறோம் என்று நான் கருதுகிறேன். இது என் நம்பிக்கையேயன்றி நிரூபணமன்று.

பண்ணைப் பாலத்தைத் தாண்டித் தீவுப்பகுதிக்குச் செல்லும் பஸ்களிலும் இந்த ஒத்து நிற்றலுக்கு இடமுண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்குச் செல்லும் பஸ்ஸின் வழி இலக்கம் 776. ஊர்காவற்றுறைக்குச் செல்வது 777. மூன்று ஏழுகளைக் கண்டவுடனே அதிர்ஷ்டம் என்று மகிழ்வோர் உண்டு. அவர்கள் காணத் தவறுவது அதனினும் அழகியது. 777இன் இலக்கங்களைக் கூட்டினால் 21. 777ஐ 21ஆல் வகுத்தால் 37. அடுத்து 222ஐ எடுத்துக்கொள்வோம்: கூட்டுத்தொகை 6, வகுத்தால் 37. இனி 555: கூட்டுத்தொகை 15, வகுத்தால் மீண்டும் 37. ஒரே இலக்கம் மும்முறை வரும் எண் எதுவாயினும் ஈவு 37 தவிர வேறில்லை. காரணம் எளிது: அத்தகைய எண் ஒவ்வொன்றும் 111இன் மடங்கு, அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகையோ மூன்றின் அதே மடங்கு, 111ஐ மூன்றால் வகுத்தால் 37. பஸ்ஸுக்கு 777 என்று பெயரிட்டவர் ஒருவர் உண்டு. அதனுள்ளே 37ஐ வைத்தவர் எந்தக் காரியாலயத்திலும் இல்லை.

இனி மூன்றாவதொரு வகை உண்டு; அது மயக்கந்தருவது. மைல் போய்க் கிலோமீற்றர் வந்த பின்பும் நம் நாட்டார் வாயில் ‘கட்டை’ போகவில்லை. கிளிநொச்சியில் கண்டி வீதியில் ஓரிடத்துக்கு 155ஆம் கட்டை என்றே இன்றும் பெயர். அது பழைய மைற்கணக்கு. பழைய மைற்கட்டைகளையும் புதிய கிலோமீற்றர்க் கட்டைகளையும் ஒரே வீதியில், ஒரே தொடக்கத்திலிருந்து நட்டுப் பார்த்தால், 5ஆம் மைற்கட்டை 8ஆம் கிலோமீற்றர்க் கட்டைக்கு ஐம்பது மீற்றருக்குள்ளேயே நிற்கும். 8ஆம் மைல் 13ஆம் கிலோமீற்றருக்குச் சற்று முன்னே நிற்கும். 13ஆம் மைல் 21ஆம் கிலோமீற்றரை எண்பது மீற்றருக்குள் நெருங்கி நிற்கும். 5, 8, 13, 21 என்னும் இவ்வரிசையில் ஒவ்வோர் எண்ணும் அதற்கு முன்னிருந்த இரண்டின் கூட்டு. மேலைநாட்டார் இதனை 1202இல் நூலெழுதிய பீசா நகரத்து லெயொனார்டோவின் பெயரால் வழங்குவர். அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே ஹேமசந்திரர் என்னும் சமண ஆசாரியர் யாப்பிலக்கணம் கூறுமிடத்து இதனைச் சொல்லியிருக்கிறார். அவருக்கும் முற்பட்டோர் அறிந்திருந்தனர்.

யாப்பில் இது எவ்வாறு வருகிறது என்பதைத் தமிழ் மாணவன் விரலில் எண்ணிப் பார்க்கலாம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. நான்கு மாத்திரையை எத்தனை வகையால் நிரப்பலாம்? நான்கு குறில்; முதலில் நெடில், பின் இரு குறில்; குறில், நெடில், குறில்; இரு குறில், பின் நெடில்; இரண்டு நெடில். ஆக ஐந்து. மூன்று மாத்திரைக்கு மூன்று வகை. ஐந்து மாத்திரைக்கு எட்டு வகை. ஏனெனில் ஐந்து மாத்திரைத் தொடர் குறிலில் முடிந்தால் அதன்முன் நான்கு மாத்திரையும், நெடிலில் முடிந்தால் அதன்முன் மூன்று மாத்திரையும் நிற்கவேண்டும். ஐந்தும் மூன்றும் எட்டு. பாட்டின் மாத்திரையைத் தேடிப் போனவர்கள் கண்ட எண்வரிசை, வீதியோரத்து இரு கட்டைகளுக்கிடையே வந்து நிற்கிறது.

இந்த மூன்றாவதைக் கண்டு உள்ளம் துள்ளாதவன் யார்? ஆயினும் இங்கே நியதி பாதி, தற்செயல் பாதி. அவ்வரிசையில் அடுத்தடுத்த எண்களின் விகிதம் 1.618 என்ற எல்லையை நெருங்குவது நியதி. ஒரு மைலில் 1.609 கிலோமீற்றர் அடங்குவது தற்செயல். மைல் உரோமப் படையினரின் ஆயிரம் அடிப்பெயர்ப்பில் பிறந்து ஆங்கிலச் சட்டத்தால் திருத்தப்பட்டது. கிலோமீற்றர் பிரெஞ்சுப் புரட்சிக்காலத்து அறிஞர்கள் பூமியை அளந்து வகுத்தது. இவ்விரண்டையும் அந்த விகிதத்துக்கு அருகில் யாரும் வேண்டுமென்றே கொண்டுவரவில்லை. அதனாலேதான் தூரம் கூடக்கூடப் பொருத்தம் தளர்கிறது. 89 மைலில் கிலோமீற்றர் 144 ஆகாமல் 143இலேயே நின்றுவிடுகிறது. நியதிக்கும் தற்செயலுக்கும் உள்ள எல்லையை இவ்வளவு தெளிவாகக் காட்டும் உதாரணம் கிடைப்பது அரிது. இதை அருட்குறிப்பு என்று கொண்டாடுவதும் பிழை, இதில் காண ஒன்றுமில்லை என்பதும் பிழை.

எண்ணிலே பலன் பார்ப்பவர்களோடு எனக்கு உள்ள பிணக்கு இந்த எல்லையைப் பற்றியது மட்டுமன்று. 2001 சனவரி 26இல் குஜராத்திலும் 2003 திசெம்பர் 26இல் ஈரானின் பாம் நகரிலும் நிலம் நடுங்க, 2004 திசெம்பர் 26இல் ஆழிப்பேரலை நம் கரைகளை விழுங்கியதைக் கண்டு, இரண்டும் ஆறும் எட்டு, எட்டுச் சனிக்குரியது என்று விதி வகுத்தார்கள். தனுஷ்கோடியைப் புயல் அழித்தது 1964 திசெம்பர் 22இன் இரவிலே. நேபாளம் நடுங்கியது 2015 ஏப்ரல் 25இலே. இவை அவர்கள் கணக்கில் வருவதில்லை. வேண்டியதைப் பொறுக்கி வேண்டாததைத் தள்ளினால் எந்த எண்ணையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாம். 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானை நோக்கி வந்த குமுதினிப் படகிலே, நடுக்கடலிற் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்தத் தேதியின் இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பவன், மனிதர் செய்த கொடுமையைக் கிரகத்தின்மேல் ஏற்றிவிட்டு, செய்தவரை விடுவிக்கிறான். எண்ணை இவ்வாறு பயன்படுத்துவது பாவம் என்றே நான் சொல்வேன்.

குறி பார்ப்பவன் எண்ணிடம் ஏதோ ஒன்றை வேண்டி நிற்கிறான். விளையாடுபவன் எதையும் வேண்டுவதில்லை. பஸ் யன்னலோரத்தில் 777ஐ வகுத்துப் பார்க்கும் பள்ளிப் பிள்ளைக்கு அதனால் வரும் இலாபம் ஏதுமில்லை. 37 வந்ததே என்ற மகிழ்ச்சி ஒன்றே. பலனை நோக்காத இந்த மகிழ்ச்சி, காரியசித்திக்காக நேர்த்தி வைத்துக் கும்பிடும் கும்பிடுகள் பலவற்றைக் காட்டிலும் பக்திக்கு அணித்தாயது என்று நான் எண்ணுகிறேன். பிரம்ம சூத்திரம் படைப்பினை வெறும் லீலை என்கிறது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரிலே இறைவன் ஐந்தொழில் செய்வதன் காரணத்தை ஆராயும்போது, அதனை முன்னவனின் விளையாட்டு எனினும் அமையும் என்று ஒப்புக்கொண்டு, உயிர்களுக்குப் போகமும் முத்தியும் அளிக்கும் அருளே அவ்விளையாட்டின் உட்கிடை என்று மேலே செல்கிறார். அவர் விளையாட்டை இழிவாகக் கருதவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

கணிதமேதை இராமானுஜன் நோயுற்று லண்டனை அடுத்த பட்னியில் இருந்தபோது, பார்க்கவந்த கணித அறிஞர் ஹார்டி தாம் ஏறிவந்த வாடகைக் காரின் இலக்கம் 1729 என்றும் அது சுவையற்றதென்றும் சொல்ல, இரண்டு கனங்களின் கூட்டாக இருவகையில் எழுதத்தக்க எண்களிலே மிகச் சிறியது அதுவே என்று உடனே விடை வந்ததை எல்லாரும் அறிவர். அந்நிகழ்ச்சியில் என்னை ஈர்ப்பது வேறொன்று. ஹார்டி கடவுளை நம்பாதவர். இராமானுஜனோ தம் கணிதம் நாமகிரித் தாயாரின் அருள் என்றவர். ஆயினும் கணித உண்மை நமக்குப் புறம்பே உள்ளது, நாம் அதனைப் படைப்பதில்லை, காண்கிறோம் என்று 1940இல் தமது நூலில் உறுதியாக எழுதியவர் ஹார்டியே. எண்ணியவர் ஒருவர் உண்டு என்பதில் அவ்விருவரும் ஒத்திருக்கமாட்டார்கள். எண்ணப்பட்டது நம்மால் ஆனதன்று என்பதில் ஒத்திருந்தார்கள். உதயணர் அவ்விருவருக்கும் நடுவே அமர்ந்து பேசியிருக்கக்கூடும்.

777ஐ அதிர்ஷ்டம் என்று மெச்சி, அதனருகே நிற்கும் 776இல் விசேடம் ஏதுமில்லை என்று கருதுவோருக்கு ஒன்று சொல்லவேண்டும். 777ஐ இரண்டு முழுவெண்களின் வர்க்கங்களைக் கூட்டிப் பெற எவ்வளவு முயன்றாலும் முடியாது. அதன் காரணிகளான மூன்றும் ஏழும் நான்கால் வகுக்க மூன்று மிஞ்சுபவை, அவை அதனைத் தடுத்துவிடுகின்றன. அம்மனையும் புத்தரையும் தரிசிக்கச் செல்லும் யாத்திரிகரை நாள்தோறும் குறிகட்டுவானில் இறக்கிவிடும் 776ஐயோ அவ்வாறு பெறலாம். ஒரேயொரு வழியாற் பெறலாம். பத்தின் வர்க்கமாகிய 100உம், சனிக்குரியதென்று அஞ்சி ஒதுக்கும் அந்த 26இன் வர்க்கமாகிய 676உம் சேர்ந்ததே 776.